வலையமைப்புச் சுவிட்சுகளில் ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறை: கட்டளைவரி அமைப்பும் அதன் காரணங்களும்

ஆய்வுச் சுருக்கம்

ஓர் இணைப்பு அறுந்தாலும் தொடர்பு நிற்காதிருக்க வலையமைப்பில் மாற்று இணைப்புகள் தேவைப்படுகின்றன. அம்மாற்று இணைப்புகளே வளையங்களை உருவாக்கி வலையமைப்பை முடக்கவும் கூடும். இம்முரணைத் தீர்க்கும் ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறையின் இயல்பு அமைப்பை மாற்றாது விடுவதால் பொருந்தாத சுவிட்ச் வேராக அமைய நேரிடுகிறது என்பதையும், அதனைக் கட்டளைவரி வழியே திருத்தும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. சிஸ்கோ சுவிட்சுகள் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வலையமைப்பு, சுவிட்ச், ஸ்பேனிங் ட்ரீ, வேர்ச் சுவிட்ச், முன்னுரிமை எண், கட்டளைவரி

முன்னுரை

ஐபி பொதியில் ஒவ்வொரு ரவுட்டரைக் கடக்கும்போதும் குறையும் எண் ஒன்று உண்டு. அது சுழியமானதும் பொதி கைவிடப்படும். ஈதர்நெட் சட்டகத்தில் அத்தகைய எல்லை இல்லை. எனவே வளையத்தில் சிக்கிய பிராட்காஸ்ட் சட்டகம் ஓயாது சுற்றுகிறது. ஒவ்வொரு சுவிட்சும் அதனைத் தன் பிற போர்ட்டுகளிலும் படியெடுத்து அனுப்புவதால், மிகக் குறுகிய நேரத்தில் வலையமைப்பு முழுவதும் செயலிழக்கிறது.

டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன் 1985ஆம் ஆண்டு இதற்குத் தீர்வு கண்டார். சுவிட்சுகள் தமக்குள் செய்தி பரிமாறி, வளையத்தை உண்டாக்கும் போர்ட்டுகளை மட்டும் தடுத்து, மர வடிவிலான பாதையை அமைத்துக்கொள்வதே அத்தீர்வு. இது 1990இல் ஐஇஇஇ 802.1டி தரமாயிற்று, இதன் விரைவு வடிவமான 802.1டபிள்யூ 2001இல் வெளிவந்தது.

இந்நெறிமுறையின் எல்லைகளைப் புறக்கணிப்பதன் விளைவை, 2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீகோனஸ் மருத்துவ மையத்தில் நிகழ்ந்த முடக்கம் காட்டுகிறது. அம்மையத்தின் வலையமைப்பு, ஏழு சுவிட்சுகள் என்னும் பரிந்துரைக்கப்பட்ட விட்டத்தைக் கடந்து வளர்ந்திருந்தது. மருத்துவர்களும் செவிலியர்களும் ஏறத்தாழ நான்கு நாள்கள் காகிதப் பதிவுகளைக் கொண்டு பணியாற்ற நேர்ந்தது.

வேர்ச் சுவிட்ச் தேர்வு

மரத்தின் தொடக்கப் புள்ளி வேர்ச் சுவிட்ச் ஆகும். மற்றச் சுவிட்சுகள் அதனை நோக்கிய மிகக் குறைந்த செலவுடைய பாதையைத் தேர்கின்றன. பழைய அளவீட்டின்படி 100 மெகாபிட் இணைப்பின் செலவு 19. 1 கிகாபிட் இணைப்பின் செலவு 4.

ஒவ்வொரு சுவிட்சுக்கும் முன்னுரிமை எண்ணும் மேக் முகவரியும் சேர்ந்த அடையாளம் உண்டு. அவற்றுள் மிகச் சிறிய அடையாளமுடையதே வேராகிறது. இயல்பில் எல்லாச் சுவிட்சுகளின் முன்னுரிமை எண்ணும் 32768 என்பதால், மேக் முகவரியே தேர்வைத் தீர்மானிக்கிறது. பழைய கருவிகளின் முகவரிகள் பெரும்பாலும் சிறியவை. ஆகவே மூலையில் கிடக்கும் பழஞ்சுவிட்சே வேராகி, விரைவான மைய இணைப்பு தடுக்கப்பட்டு, போக்குவரத்து மெதுவான இணைப்பின் வழியே செல்லக்கூடும். வலையமைப்பு இயங்கிக்கொண்டே இருப்பதால் இக்குறை எளிதில் புலப்படுவதில்லை.

கட்டளைகள்

கட்டளைகள் இங்கு ஒலிபெயர்ப்பில் தரப்படுகின்றன. முதலில் நடப்பு நிலையை அறிதல் வேண்டும்:

ஷோ ஸ்பேனிங்-ட்ரீ விலான் 10

இக்கட்டளை வேரின் அடையாளத்தையும் போர்ட்டுகளின் நிலையையும் காட்டும். முன்னுரிமை 32778 எனத் தோன்றுவது பிழையன்று. 32768 உடன் விலான் எண் 10 கூட்டப்பட்டுள்ளது. இதனாலேயே முன்னுரிமை எண்ணை 4096இன் மடங்குகளாக மட்டுமே தர இயலும்.

அடுத்து, அமைப்பு நிலைக்குச் சென்று, விரைவு வடிவத்தை அனைத்துச் சுவிட்சுகளிலும் இயக்கி, மையச் சுவிட்சை வேராக்க வேண்டும்:

ஸ்பேனிங்-ட்ரீ மோட் ரேபிட்-பிவிஎஸ்டி
ஸ்பேனிங்-ட்ரீ விலான் 10 பிரயாரிட்டி 4096

மாற்று மையச் சுவிட்சுக்கு 8192 தருதல் தகும். ‘ரூட் பிரைமரி’ என்னும் குறுங்கட்டளையும் உண்டு. ஆயினும் அது இடப்படும் கணத்திலுள்ள வேரை ஒப்பிட்டு ஒருமுறை மட்டுமே எண்ணைக் கணக்கிடுகிறது. பின்னர் இதனினும் சிறிய எண்ணுடைய சுவிட்ச் இணைந்தால் வேர் மாறிவிடும். ஆதலின் எண்ணை நேரடியாக இடுவது தெளிவுடையது.

விளிம்புப் போர்ட்டுகள்

பழைய நெறிமுறையில் ஒரு போர்ட் கேட்கும் நிலையில் 15 நொடிகளும் கற்கும் நிலையில் 15 நொடிகளும் காத்திருக்கிறது. கணினி மட்டும் இணையும் போர்ட்டுக்கு இக்காத்திருப்பு தேவையற்றது. அத்தகைய போர்ட்டில் பின்வரும் இரண்டையும் சேர்த்தே இடுதல் வேண்டும்:

ஸ்பேனிங்-ட்ரீ போர்ட்ஃபாஸ்ட்
ஸ்பேனிங்-ட்ரீ பிபிடியுகார்ட் எனேபிள்

முதலாவது காத்திருப்பை நீக்குகிறது. இரண்டாவது, அங்கு எவரேனும் சுவிட்சை இணைத்து அதிலிருந்து நெறிமுறைச் செய்தி வருமாயின், அப்போர்ட்டை முடக்குகிறது. இரண்டாவதின்றி முதலாவதை மட்டும் இடுவது காவலற்ற வாயிலைத் திறந்து வைப்பதாகும். மையத்திலிருந்து கிளைச் சுவிட்சுகளை நோக்கிய போர்ட்டுகளில் ‘ஸ்பேனிங்-ட்ரீ கார்ட் ரூட்’ இடப்பட்டால், கிளையிலிருந்து எழும் எந்தச் சுவிட்சும் வேர் நிலையைக் கைப்பற்ற இயலாது.

முடிவுரை

ஸ்பேனிங் ட்ரீ தானே இயங்குவது; ஆனால் எது மையம் என்பதைத் தானே அறியாது. அதனைக் கருவிக்கு உணர்த்துவது நிர்வாகியின் கடமை. வேரைத் தீர்மானித்தல், விளிம்பைக் காத்தல், விட்டத்தை எல்லைக்குள் வைத்தல் ஆகிய மூன்றும் ஒருசேர அமைந்தாலே மாற்று இணைப்புகள் பாதுகாப்பாகப் பயன்தரும். அமைப்பைச் சேமித்த பின்னர், மைய இணைப்பொன்றைத் திட்டமிட்ட நேரத்தில் துண்டித்து, மாற்றுப் பாதை உண்மையிலேயே திறக்கிறதா எனச் சோதித்தறிவது இன்றியமையாதது.