நரம்பு இழுக்குது: ‘பக்கவிளைவு’ என்ற சொல் குறித்துச் சில குறிப்புகள்

‘பக்கவிளைவு’ என்னும் சொல்லில் விளைவு பற்றி எனக்குத் தகராறு இல்லை. தகராறு ‘பக்கம்’ பற்றித்தான். யாருடைய பக்கம்? ஒரு வேதிப்பொருள் உடலுக்குள் போய்ப் பலவற்றைச் செய்கிறது. எதற்காக விற்கப்படுகிறதோ அது ‘விளைவு’, மற்றதெல்லாம் ‘பக்கம்’. மருந்துக்கு இந்தப் பாகுபாடு தெரியாது. மையம், விளிம்பு என்று பிரதிகளைப் பிரித்துப் பேசப் பழகிய நாம், மாத்திரை அட்டையின் பின்புறத்தில் அதே வேலை நடப்பதைக் கவனித்ததில்லை. நானும் கவனித்ததில்லை, கால் போகிற வரைக்கும்.

2022இல் எனக்கு சைனஸ் தொந்தரவு. பத்து நாளைக்கு லீவோஃப்ளாக்சசின் 500 மில்லிகிராம், வீக்கம் வடிய ஒரு ஸ்டீராய்டு மாத்திரை என்று எழுதித் தந்தார்கள். ஆறாம் நாள் இரண்டு குதிகாலுக்கும் மேலே கயிறு முறுக்கின மாதிரி இழுத்தது. படி இறங்க முடியலை. மருத்துவரிடம் போய் “நரம்பு இழுக்குது டாக்டர்” என்றேன். அவர் பி12 ஊசி போட்டார். மாத்திரையைத் தொடரச் சொன்னார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பேச்சுத்தமிழில் ரத்தம் எடுக்கிற இடமும் நரம்பு, கோபத்தில் நெற்றியில் புடைக்கிறதும் நரம்பு, வீணையில் கட்டுறதும் நரம்பு. தசையை எலும்போடு கட்டுகிற நாருக்குத் ‘தசைநாண்’ என்று பாடப்புத்தகத்தில் பெயர் உண்டு. வலியில் இருக்கிறவன் வாயில் அது வராது. நான் தசைநாணைச் சொன்னேன். அவர் காதில் மூளையிலிருந்து இறங்கும் நரம்பு விழுந்தது. நோயாளியின் பேச்சைப் பின்னுக்குத் தள்ளி மருத்துவப் பார்வை முன்னுக்கு வந்த கதையை ஃபூக்கோ 1963இல் ‘மருத்துவமனையின் பிறப்பு’ நூலில் எழுதினார். நம்மூரில் அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது: நோயாளியின் தமிழ், மருத்துவரின் தலைக்குள் ஆங்கிலமாக மாறும் அந்த அரை விநாடி. என் கால் அங்கேதான் மாட்டியது. வேடிக்கை என்னவென்றால், இந்த மருந்து தசைநாண், நரம்பு இரண்டையும் தாக்கக்கூடியது. இரண்டு மாதம் கழித்துப் பாதத்தில் எரிச்சலும் மரப்பும் வந்தபோது ‘நரம்பு’ என்ற சொல் மறுபடி சரியாகிப் போனது.

நான் தின்றது புளூரோகுயினோலோன் என்ற குடும்பத்தைச் சேர்ந்த மருந்து. சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் எல்லாம் இதன் உடன்பிறப்புகள். பாக்டீரியா தன் மரபுச் சரட்டைப் பிரித்து முறுக்கப் பயன்படுத்தும் நொதிகளைத் தடுத்து அவற்றைக் கொல்கின்றன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008இல் தசைநாண் கிழிதல் பற்றிக் கட்டம் கட்டிய எச்சரிக்கை போடச் சொன்னது. 2013இல் நரம்புச் சேதம் நிரந்தரமாகலாம் என்று சேர்த்தது. 2016இல், வேறு வழி இருந்தால் சாதாரண சைனஸுக்கு இதைக் கொடுக்காதே என்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இலும் பிரிட்டன் 2024இலும் இன்னும் இறுக்கின. ஸ்டீராய்டோடு சேர்ந்தால் தசைநாண் ஆபத்து கூடும் என்பதும் அந்த எச்சரிக்கைகளில் இருக்கிறது. நான் மாத்திரை விழுங்கியபோது சைனஸ் பற்றிய அறிவிப்புக்கு ஆறு வயது. வலி முதல் 48 மணி நேரத்திலும் வரலாம், மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்தும் வரலாம். வந்தது மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நிற்கும். இப்படி ஆகிறவர்கள் மிகச் சிலர்தான். ஆனால் அந்தச் சிலரைக் குணப்படுத்தும் என்று நிலைநாட்டப்பட்ட மருந்து எதுவுமில்லை.

வலியைவிட என்னை அலைக்கழித்தது அதன் ஏற்ற இறக்கம். மூன்று நாள் நன்றாக இருக்கும். நாலாம் நாள் குளியலறைக்குச் சுவரைப் பிடித்துப் போக வேண்டும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ரத்தத்தில் ஒன்றுமில்லை. ஊர்வலத்துக்கு வரமுடியாது என்றால், “நேத்து கடைத்தெருவுல நல்லாத்தானே நடந்து போனீங்க தோழர்?” நிரந்தரமாக முடமானவனுக்கு ஓர் அடையாளம் கிடைக்கிறது. விட்டு விட்டு முடமாகிறவன் பொய் சொல்கிறவனாக அறியப்படுகிறான். அவனுடைய நல்ல நாட்களே அவனுக்கு எதிரான சாட்சிகள். ஒரு கட்டத்தில் நானே என்னை நம்பவில்லை.

இந்தச் சந்தேகம் தோழர்களோடு முடிவதில்லை. ஒரு கோளாறு மருந்தால் வந்ததா என்று தீர்மானிக்க, நரன்ஹோ என்பவரும் சகாக்களும் 1981இல் ஒரு வினாத்தாள் செய்தார்கள். பத்துக் கேள்விகள், கூட்டிக் கழித்து மதிப்பெண். 9ம் அதற்கு மேலும் ‘உறுதி’, 5 முதல் 8 ‘பெரும்பாலும்’, 1 முதல் 4 ‘இருக்கலாம்’. நான் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். இப்படி முன்பு பதிவாகியிருக்கிறதா? 1. மருந்துக்குப் பிறகு வந்ததா? 2. நிறுத்தியதும் சரியானதா? இல்லை, 0. மறுபடி கொடுத்தபோது திரும்ப வந்ததா? வந்திருந்தால் 2 கிடைக்கும், ஆனால் எந்த மடையன் மறுபடி தின்பான்? 0. வேறு காரணம் இருக்கலாமா? வயசு, எடை என்று டாக்டர் சொல்வார், கழித்தல் 1. மீதியெல்லாம் 0. ஆக மொத்தம் 2.

வினாத்தாள் அயோக்கியத்தனமானது என்று நான் சொல்லவில்லை. நிறுத்தினால் போய்விடுகிற கோளாறுக்கு அது நன்றாக வேலை செய்யும். போகாமல் தங்குவதற்கு அந்தத் தாளில் இடமே இல்லை. தங்குவதுதான் என் நோய் என்றால், அதே காரணத்தால் மதிப்பெண் குறைகிறது.

அம்மாவிடம் இதைவிட நல்ல சொல் இருந்தது: “மருந்து ஒத்துக்கலைடா.” இதில் மையமும் இல்லை, பக்கமும் இல்லை. உடம்பு ஒப்பவில்லை, அவ்வளவுதான். ஆனால் இந்தச் சொல்லையும் தலையில் வைத்துக் கொண்டாட முடியாது. “உனக்கு” ஒத்துக்கலை என்று சொல்லும்போது, பாதிப் பழி என் உடம்புமேல் விழுந்து, எழுதித் தந்தவர் தப்பித்துவிடுகிறார். அம்மாவுக்குப் பின்னாலேயே “இங்கிலீஷ் மருந்தே விஷம், கஷாயம் குடி” என்று நண்பர்கள் வந்தார்கள். அவர்களுக்கு ஒன்று சொன்னேன். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு இன்று லீவோஃப்ளாக்சசினும் மாக்சிஃப்ளாக்சசினும் முக்கியமான ஆயுதங்கள். அந்த நோயாளியிடம் போய் விஷம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் கேள்வி சைனஸுக்கு ஏன் என்பதுதான்.

சமாளிப்பது பற்றிக் கேட்டு எழுதுகிறவர்களுக்கு: ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நடந்த அளவு, காலை வலி, இரவு வலி. நாலு மாதம் எழுதிய பிறகுதான் தெரிந்தது, என் மோசமான நாட்கள் வானத்திலிருந்து விழவில்லை. நல்ல நாளில் ஆசையில் அதிகம் நடந்தால் ஒன்றிரண்டு நாள் தாமதித்து வருகின்றன. அதனால் இப்போது நல்ல நாளின் அளவை மோசமான நாளை வைத்து முடிவு செய்கிறேன். கொடுமைதான், கையில் காசிருந்தும் எண்ணிச் செலவழிக்கிற மாதிரி. இழுத்து நீட்டும் பயிற்சி எனக்குக் கெடுத்தது. பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் சுமையை மெல்ல மெல்லக் கூட்டியது உதவியது. இந்தக் குடும்ப மாத்திரை எடுக்கும்போதே குதிகால் வலித்தால், அப்போதே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் மாற்று கேட்கவேண்டும். எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமாக இதைச் சொல்ல வேண்டும்.

மருந்துகளின் தீங்கைப் பதிவு செய்ய 2010 முதல் இந்தியாவில் ஒரு திட்டம் நடக்கிறது. நோயாளியே நிரப்பும் படிவம் தமிழிலும் உண்டு. 1800-180-3024 என்ற இலவச எண்ணும் உண்டு. நான் நிரப்பி அனுப்பினேன். ‘தசைநாண்’ என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ‘குதிகால் நரம்பு’ என்றும் எழுதினேன்.

இப்போது பார்க்கிற மருத்துவர் அந்த நோட்டை முழுக்கப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. கோப்பின் மேலே சிவப்பு மையில் புளூரோகுயினோலோன் கூடாது என்று எழுதினார்.

போன வாரத்துப் பக்கம்: செவ்வாய், இரண்டு மாடி ஏறி இறங்கினேன். புதன், ஒன்றுமில்லை. வியாழன் காலை, இடது கால், மறுபடி.