துவர்ப்பும் ஆட்டுக்குட்டியின் வளர்ச்சியும்

கடுக்காயைக் கடித்தால் நாக்கு தடித்து உலர்ந்துபோவதை நாம் அறிவோம். அத்துவர்ப்பைத் தருவது ‘டானின்’ என்னும் பொருள். அது உமிழ்நீரிலுள்ள புரதத்தை இறுகப் பற்றிக்கொள்வதாலேயே வாய் உலர்கிறது. தோலிலுள்ள புரதத்தையும் அது அவ்வாறே பற்றுவதால், கடுக்காயும் ஆவாரம்பட்டையும் தோல் பதனிட நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளன. அப்படியாயின், உயிருள்ள ஆட்டின் வயிற்றுக்குள் சென்றால் அது என்ன செய்யும்?

கோடையில் புல் கருகியபின் கருவேலங்காயையும் மரத்தழையையும் தின்று பிழைக்கும் ஆடுகள் நம் நாட்டில் பல. அத்தகைய தீனி பலவற்றில் டானின் உண்டு. குட்டி நன்கு வளர்ந்து விலைபோனால்தான் ஏழை வீட்டில் கடன் அடையும். பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் வழி பிறக்கும். ஆகவே இதனை அறிவது நமக்குப் பயனுள்ளதாகும்.

ஆட்டின் இரைப்பையில் நான்கு அறைகள் உள்ளன. முதல் பேரறையில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாரைச் செரிக்க உதவும் இவையே, தீவனத்திலுள்ள நல்ல புரதத்தையும் சிதைத்து அம்மோனியாவாக்கி விடுகின்றன. மிஞ்சிய அம்மோனியா கல்லீரலில் யூரியாவாக மாறி, பெரும்பகுதி சிறுநீரோடு வீணாகிறது. உணவில் டானின் இருந்தால், அது புரதத்தைப் பற்றிக்கொண்டு இச்சிதைவைக் குறைக்கிறது. நான்காம் அறையில் அமிலம் மிகுதி. அங்கே அப்பிடி தளர்கிறது. விடுபட்ட புரதம் செரித்து, சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, தசையாகவும் கம்பளியாகவும் மாறுகிறது.

ஆனால் டானின் மிகுந்தால் நிலை வேறு. பிடி தளராமலே புரதம் புழுக்கையோடு வெளியேறிவிடும். நுண்ணுயிர்களின் வேலை தடைப்பட, நாரும் சரிவரச் செரியாது. துவர்ப்பு மிகுதியால் ஆடு தீனியையும் குறைத்துக்கொள்ளும்.

நியூசிலாந்து நாட்டு ஆராய்ச்சிகள் இவ்வுண்மையை நன்கு விளக்கியுள்ளன. அங்கு ‘லோட்டஸ்’ என்னும் பயறுவகைத் தீவனச் செடிகள் உண்டு. இவை நம் தாமரையல்ல. இவற்றுள் லோட்டஸ் கார்னிகுலேட்டஸ் என்பதன் உலர் எடையில் டானின் ஏறத்தாழ 2 முதல் 4 விழுக்காடு. இதை மேய்ந்த குட்டிகள் நன்கு வளர்ந்தன, கம்பளியும் மிகுந்தது. வளமற்ற மண்ணில் வளர்ந்த லோட்டஸ் பெடங்குலேட்டஸில் டானின் 5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. அதை மேய்ந்த ஆடுகளோ குறைவாகவே தின்றன, வளர்ச்சியும் குன்றியது. எல்லாச் செடிகளின் டானினும் ஒரே தன்மையுடையதன்று என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

அளவான டானினால் வேறு நன்மைகளும் உண்டு. பசும் பயறுவகைத் தீவனத்தால் உண்டாகும் வயிற்று உப்புசத்தை அது தடுக்கிறது. குடற்புழுக்களையும் ஓரளவு குறைக்கிறது.

ஆகையால் துவர்ப்புத் தழையை அறவே ஒதுக்கவும் வேண்டாம். அதை மட்டுமே தீனியாக்கவும் வேண்டாம். பிற தழைகளோடும் வைக்கோலோடும் கலந்து கொடுக்கலாம். வெயிலில் உலர்த்தினால் அதன் கடுமை ஓரளவு தணியும். சிறிது பிண்ணாக்கும் சேர்த்தால் குட்டிக்குப் புரதக் குறை நேராது.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்றனர் நம் முன்னோர். அளவோடு கொடுத்தால் துவர்ப்பும் அமுதாகும் என்பதை ஆட்டுக்குட்டி நமக்குக் கற்பிக்கிறது. தம்மை நல்ல ஆயன் என்று அழைத்த ஆண்டவரின் பிள்ளைகளாகிய நாம், வாயில்லா உயிர்களின் பசியை மட்டுமன்றி, அவற்றின் உணவின் தன்மையையும் அறிந்து பேணுவோமாக!