அடிக்கும் முன் அடையாளம் பார்ப்போம்



வங்கியில் வேலை பார்த்தவன் நான். ஒரு காசோலை மேசைக்கு வந்தால் கையெழுத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்துவிட மாட்டோம். தேதி, எண்ணில் தொகை, எழுத்தில் தொகை, கணக்கு எண், அப்புறம்தான் கையெழுத்து. எல்லாம் பொருந்தினால்தான் பணம். ஆனால் வரப்பில் ஒரு பாம்பைக் கண்டால் நம்ம ஊரில் ஒரே பார்வைதான். உடனே "அடி, அடி"ன்னு சத்தம் கிளம்பிடும். பல நேரம் போவது, சம்பளம் வாங்காமல் நமக்கு எலி பிடித்துக் கொடுக்கும் கூட்டாளியின் உயிர்.

இந்த எண்ணத்தை எனக்குள் ஆழமாகப் பதித்தது அமெரிக்காவின் பாறைப் பள்ளத்தாக்கு பூமி. மகள் குடும்பம் யூட்டா மாநிலத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சில மாதங்கள் தங்கியபோது மாநிலத்தின் தென்பகுதியில் மோவாப், சயான் பக்கமும், அதற்கும் தெற்கே அரிசோனாவில் கிராண்ட் கேன்யனும் பார்க்க முடிந்தது. கோடிக்கணக்கான வருஷத்துப் பாறை அடுக்குகளை ஆறு அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்குகள். கிராண்ட் கேன்யன் மட்டும் 446 கிலோமீட்டர் நீளம், ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். மோவாப் பக்கம் வருஷ மழை 250 மில்லிமீட்டர்கூடக் கிடையாது. நம்ம தமிழ்நாட்டுச் சராசரி அதைப்போல மூணு மடங்குக்கும் மேல். இப்படிக் காய்ந்த பூமியில் என்ன இருந்துவிடப் போகிறது என்றுதான் தோன்றும். பார்க்கத் தெரிந்தால் பாம்பு, ஓணான், ஆமை, தேரை, தவளை எல்லாம் இருக்கிறது.

ஒரே மிரட்டல், இரண்டு பாம்பு

அங்கே பயப்பட வேண்டிய பாம்பு ராட்டில் ஸ்நேக். வால் நுனியில் கிலுகிலுப்பை வைத்திருக்கும் விரியன். நம்ம நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளாலான வளையங்கள்தான் அந்தக் கிலுகிலுப்பை. ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் ஒரு வளையம் கூடும். வருஷத்துக்குப் பல முறை சட்டை உரிக்கும், நுனி வளையங்கள் உடைந்தும் போகும். அதனால் வளையத்தை எண்ணி வயசு சொல்வது வெறும் கதை.

அதே நிலத்தில் கோஃபர் ஸ்நேக் என்று இன்னொரு பாம்பு. நம்ம சாரை மாதிரி, விஷம் இல்லாதது, ஐந்தாறு அடி வரை வளரும். எலியையும், மண்ணுக்குள் வளை தோண்டி வேரைக் கடிக்கும் கோஃபர் என்ற பிராணியையும் தின்னும். யூட்டாவில் அதிகமாக விளைவது மாட்டுத் தீவனம். அதில் முக்கியமானது நம்ம ஊரிலும் போடுகிற குதிரைமசால். குதிரைமசால் போட்டவனுக்கு இந்தப் பாம்பு எவ்வளவு பெரிய உதவி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பயந்துவிட்டால் அது விரியன் வேஷம் போடும். சுருண்டு கொள்ளும், தலையைத் தட்டையாக்கி முக்கோணமாகக் காட்டும், புஸ்ஸென்று பலமாகச் சீறும், வாலைப் படபடவென்று ஆட்டும். கீழே காய்ந்த சருகு கிடந்தால் கிலுகிலுப்பைச் சத்தமேதான். பருந்தையும் நரியையும் விரட்ட உதவும் இந்த நடிப்பு, மனுஷன் முன்னால் அதன் உயிருக்கே உலை வைக்கிறது. விரியன் என்று நினைத்து அடித்துப் போட்டுவிடுகிறார்கள்.

பூங்காக் காவலர் ஒருவர் கூட்டிப்போன நடையில் இப்படி ஒன்று பாதை ஓரத்தில் சுருண்டு சீறியது. எல்லாரும் பின்னால் ஓடினோம். அவர் எங்களைப் பத்தடி தள்ளி நிறுத்தி, "வாலைப் பாருங்க, முதல்ல வாலைப் பாருங்க" என்றார். வால் கூராக, ஊசி போல முடிந்திருந்தது. அவர் வரிசையாகச் சொன்ன அடையாளங்கள் இவை.

வால்: விரியனுக்கு மழுங்கலாக, கிலுகிலுப்பையோடு முடியும். கோஃபருக்குக் கூராக முடியும். விரியன் குட்டிக்கு ஒரே ஒரு பொத்தான்தான் இருக்கும், சத்தம் வராது. சத்தம் இல்லை என்பதால் விஷம் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

உடல்: விரியன் குட்டையாக, தடியாக இருக்கும். கோஃபர் நீளமாக, சீராக இருக்கும்.

கழுத்து: விரியனுக்கு அகன்ற தலை, ஒடுங்கிய கழுத்து. ஆனால் கோஃபர் தலையைத் தட்டையாக்கும் என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது.

கண்: விரியனுக்குப் பூனைக்கண் போல நெட்டுக்கோட்டுப் பாவை. கோஃபருக்கு வட்டப் பாவை. தொலைநோக்கியிலோ, தூரத்திலிருந்து எடுத்த போட்டோவைப் பெரிதாக்கியோதான் இதைப் பார்க்க வேண்டும். கண்ணைப் பார்க்கக் கிட்டப் போகிறவன் கடி வாங்குவான்.

நிறத்தை அவர் கடைசியில்தான் சொன்னார். அங்கே பாறையின் நிறமே பாம்பின் நிறம். கிராண்ட் கேன்யனுக்குள் இருக்கும் விரியன் பாறையைப் போலவே இளஞ்சிவப்பு. மோவாப் பக்கத்துச் சின்ன விரியன், சுமார் இரண்டடிதான், மங்கிய மண் நிறம். ஆள் சின்னதானாலும் விஷம் கடுமை. நிறத்தை வைத்து மட்டும் பாம்பைச் சொல்வது, சட்டையைப் பார்த்துக் கணக்குத் திறக்கிற மாதிரி.

மழைக்குக் காத்திருக்கும் தேரைகள்

ஜூலையில் இடி மழை தொடங்கியதும் பாறைக் குழிகளில் தண்ணீர் நிற்கும். அன்று ராத்திரியே கச்சேரி ஆரம்பித்துவிடும்.

மண்வெட்டிக் கால் தேரை என்று சொல்லலாம், ஆங்கிலப் பெயர் ஸ்பேட்ஃபுட். பின்னங்காலில் கருப்பாக, கெட்டியாக ஒரு சின்ன மண்வெட்டி. அதை வைத்துப் பின்பக்கமாகவே மண்ணுக்குள் இறங்கி மாதக்கணக்கில் கிடக்கும். இதற்கும் பூனைக்கண் பாவை. முட்டை, தலைப்பிரட்டை, தேரை என்ற மொத்தப் பயணத்தையும், குழி காய்வதற்குள் சில வாரங்களில் முடித்தாக வேண்டும்.

செம்புள்ளித் தேரை சின்னது. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் நஞ்சுச் சுரப்பி மேடு இதற்கு வட்டமாக இருக்கும். வுட்ஹவுஸ் தேரைக்கு அதே மேடு நீளமாக இருக்கும், முதுகு நடுவில் வெள்ளைக் கோடும் ஓடும். இந்த இரண்டும் ஞாபகம் இருந்தால் குழப்பம் வராது.

பள்ளத்தாக்கு மரத்தவளை பேருக்குத்தான் மரத்தவளை. பாறையில் பாறையாக ஒட்டி உட்கார்ந்திருக்கும். விரல் நுனியில் வட்டத் தட்டு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இதைக் காதுதான் கண்டுபிடிக்கும். ஆட்டுக்குட்டி தகர டப்பாவுக்குள் இருந்து கத்துவது போல ஒரு சத்தம். செம்புள்ளித் தேரையோ சுவர்க்கோழி மாதிரி நீளமாக இழுக்கும்.

அந்தக் குழிகளில் கை வைக்காதீர்கள், கால் நனைக்காதீர்கள் என்று பூங்காக்காரர்கள் கேட்டுக் கொள்கிறார்கள். காரணம், நம்ம உடம்பில் பூசிய வெயில் களிம்பும் பூச்சி விரட்டியும். தவளை, தேரையின் தோல் தண்ணீரை உறிஞ்சும் தோல். தண்ணீரில் எது கலந்தாலும் அதுவும் உள்ளே போகும். ஒரு கையில் இருக்கும் களிம்புக்கே அங்கே இவ்வளவு கவனம். டேங்க் டேங்காகப் பூச்சிக்கொல்லி அடித்த வயலில் தவளைச் சத்தம் ஏன் நின்றது என்பதற்கு வேறு விளக்கம் தேவையா?

முகவரியும் ஒரு அடையாளம்

ஓணான் வகைகளில், முன்னங்கால் அக்குளுக்குப் பின்னால் கரும்புள்ளி இருந்தால் அது ஒரு வகை. கழுத்தில் இரண்டு கருப்புப் பட்டை போட்டு, துரத்தினால் பின்னங்காலில் மட்டும் எழுந்து ஓடினால் காலர்ட் லிசர்ட், மற்ற ஓணான்களையே தின்னும். முள் முள்ளாகத் தட்டையாக எறும்புப் புற்று பக்கம் உட்கார்ந்திருப்பது கொம்பு ஓணான். உடம்பில் நீளக் கோடுகளோடு விறுவிறுவென்று ஓடும் சாட்டைவால் வகை ஒன்றில் ஆணே கிடையாது. பெண்ணே தனியாக இனம் பெருக்குகிறது.

கருப்பும் ஆரஞ்சுமாக மணி கோத்தது போன்ற தோலோடு மெதுவாக நடக்கும் ஹீலா மான்ஸ்டர், விஷமுள்ள பல்லி. யூட்டாவில் இது தென்மேற்கு மூலையில் மட்டும்தான் உண்டு. அதனால் மோவாபில் ஒருவர் "பார்த்தேன்" என்றால் சந்தேகப்படலாம். எந்த இடம், எந்த உயரம், எந்த மாதம், பகலா ராத்திரியா என்பதும் அடையாளச் சீட்டில் சேரும். அதே தென்மேற்கு மூலையில் பாலைவன ஆமையும் இருக்கிறது. 1990 முதல் அமெரிக்க அரசு அதை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகப் பாதுகாக்கிறது. பரிதாபப்பட்டுத் தூக்கினால் பயத்தில் சிறுநீர் விட்டுவிடும். அதுதான் வறட்சிக்கு அது சேர்த்து வைத்த தண்ணீர். கையால் தொடாமல் கண்ணால் பார்ப்பதே அடையாளம் காண்பதின் முதல் விதி.

நம்ம வரப்புக்கு வருவோம்

இந்த வேஷக் குழப்பம் நம்ம தோட்டத்திலும் உண்டு. கட்டுவிரியன் என்று அடிபடுவது பல நேரம் விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையன். வரையனுக்குப் பட்டைகள் கழுத்துப் பக்கம் தெளிவாகத் தொடங்கி வால் பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்குக் கழுத்துப் பக்கம் மங்கலாக இருந்து, பின்னால் போகப் போகத் தெளியும். கண்ணாடி விரியன் என்று அடிபடுவது மண்ணுளி. விரியனுக்கு முதுகில் சங்கிலி கோத்தது போல மூன்று வரிசை வட்டங்கள். மண்ணுளிக்கு ஒழுங்கில்லாத திட்டுகள், மொட்டையான குட்டை வால். நல்ல பாம்பு என்று அடிபடுவது சாரை. அதற்குப் படம் எடுக்க வராது.

இது தள்ளி நின்று, அடிக்காமல் இருப்பதற்கான அறிவு. கடி விழுந்த பிறகு இதை வைத்து வைத்தியம் தீர்மானிக்கக் கூடாது. எது கடித்தாலும் நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே செய்தது. அந்த மருந்துக்கு விஷம் எடுத்துத் தருகிறவர்களில் முக்கியமானவர்கள், வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவு சங்கம் நடத்தும் இருளர்கள். தடம் பார்த்தே பாம்பைச் சொல்லும் அறிவு அவர்களிடம் இருக்கிறது.

தோட்டத்தில் விதை, உரம், கூலிக்கு நோட்டு வைத்திருப்பீர்கள். அதில் கடைசி நாலு பக்கத்தை ஒதுக்குங்கள். தேதி, இடம், நேரம், வால், உடல் பருமன், பட்டையின் போக்கு, கேட்ட சத்தம், இவ்வளவு எழுதினால் போதும். பெயர் தெரியாவிட்டாலும் எழுதுங்கள், பிறகு விசாரித்துக் கொள்ளலாம். இரண்டு மழைக்காலம் போனால், யார் யார் உங்கள் மண்ணில் குடியிருக்கிறார்கள் என்ற பேரேடு உங்கள் கையில் இருக்கும்.