ஆங்கில முறைசார் அழைப்பு மின்னஞ்சல்

முறைசார் அழைப்பு மின்னஞ்சல் என்பது ஒரு நிகழ்வில் பங்குபெறுமாறு ஒருவரை மரியாதையுடன் வேண்டி மின்னஞ்சல் வழியாக அனுப்பப்படும் கடிதம் ஆகும். கல்லூரிக் கருத்தரங்கிற்குப் பேச்சாளரை அழைப்பது இதற்கு எடுத்துக்காட்டு. முன்பின் அறியாத ஒருவருக்கு ஆங்கிலத்தில் எழுதும் முதற் கடிதம் மாணவர் பலருக்கு இதுவே.

அமைப்பு

பொருள் வரியில் நிகழ்வின் பெயரும் நாளும் இடம்பெற வேண்டும். 'இன்விடேஷன்' என்று மட்டும் எழுதினால் எதற்கான அழைப்பு என்பது மடலைத் திறக்கும்வரை தெரியாது. முதற் பத்தியில் அழைப்பவர் யார், எதற்கு அழைக்கிறார் என்பதும், அடுத்ததில் நாள், நேரம், இடம், உரையின் தலைப்பு, கால அளவு ஆகியனவும், இறுதியில் பயண ஏற்பாடும் மறுமொழிக்கான நாளும் அமையும்.

பிரித்தானிய மரபில் பெயர் சொல்லி விளித்தால் 'யுவர்ஸ் சின்சியர்லி' என்றும், 'டியர் சர்' என விளித்தால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி' என்றும் முடிப்பர். அமெரிக்க வழக்கில் 'சின்சியர்லி' போதுமானது.

தமிழ் வழக்குடன் வேறுபாடு

தமிழில் 'வாருங்கள்' என்னும் வினைச்சொல்லிலேயே மரியாதை உள்ளது. ஆங்கில வினைச்சொல்லில் அவ்வாறு இல்லை. 'வுட்', 'குட்' போன்ற துணைவினைகளே அதனைச் சுமக்கின்றன. 'கண்டிப்பாக வரவேண்டும்' என்பது தமிழில் அன்பின் வெளிப்பாடு. அதனையே 'யூ மஸ்ட் கம்' என்று எழுதினால், அறிமுகமற்றவருக்குக் கட்டளையாகத் தோன்றக்கூடும். 'வீ வுட் பி ஆனர்ட் இஃப் யூ குட் ஸ்பீக்' என்பது பொருத்தமான வடிவம்.

'ரெஸ்பெக்டட் சர்' என்பது இந்திய ஆங்கில வழக்கு. பிற நாட்டினருக்கு 'டியர்' என்பதே இயல்பானது. 'டியர்' இங்கு நெருக்கத்தைக் குறிப்பதில்லை. மேலைநாட்டினரைப் பட்டத்துடன் குடும்பப் பெயரால் விளிப்பர். தமிழர் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை. முதலெழுத்து பொதுவாகத் தந்தையின் பெயரைக் குறிப்பதால், பட்டத்துடன் அவரவர் பெயரையே எழுதுதல் தகும்.

நாளும் நேரமும்

05/06 என்பது இந்தியாவில் சூன் 5. அமெரிக்காவில் மே 6. விருந்தினர் தவறான நாளில் பயணச்சீட்டு எடுக்க இதுவே போதும். எனவே மாதத்தை எழுத்தால் எழுதி, கிழமையையும் சேர்த்தல் நலம். இணையவழி நிகழ்வாயின் நேர வலயமும் தேவை. ஐ.எஸ்.டி. என்னும் சுருக்கம் இந்திய, அயர்லாந்து, இசுரேல் நேரங்கள் மூன்றையும் குறிக்கும். ஆகவே 'இந்திய நேரம்' என விரித்தெழுத வேண்டும்.

மறுமொழி

ஆர்.எஸ்.வி.பி. என்பது 'தயவுசெய்து மறுமொழி தருக' எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் சுருக்கம். ஆதலால் அதன் முன் 'ப்ளீஸ்' சேர்ப்பது கூறியது கூறலாகும். 'ரிவர்ட்' என்பதை 'பதில் அளி' என்னும் பொருளில் ஆளுதல் தெற்காசியாவில் பரவலானது. பிற இடங்களில் அது 'பழைய நிலைக்குத் திரும்பு' என்றே பெரிதும் பொருள்படும். 'ரிப்ளை' என்பதில் குழப்பமில்லை.

மறைநகல்

பலருக்கு ஒரே மடலை அனுப்பும்போது முகவரிகளை மறைநகல் புலத்தில் இட்டால் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது. மின்னஞ்சல் வடிவத்திற்கான 1982 ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 822 சீர்தரத்திலேயே இப்புலம் உள்ளது. எனினும் சிறப்பு விருந்தினருக்குத் தனி மடலே முறை.

இவற்றையும் பார்க்க

மின்னஞ்சல்
அழைப்பிதழ்
இந்திய ஆங்கிலம்