தாயம் யாருக்கும் சொந்தமில்லை

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடுவது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். நற்குணம் ஏணியாக ஏற்றிவிடும், தீக்குணம் பாம்பாகக் கொத்தி இறக்கிவிடும். இந்திய விளையாட்டான இது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குப் போனது. 1943-இல் அமெரிக்காவில் வெளிவந்தபோது பாம்புகள் சறுக்குமரங்களாகிவிட்டன.

இதில் சாமர்த்தியத்துக்கு வேலையே இல்லை. விழுந்த எண்ணுக்குக் காயை நகர்த்த வேண்டும், அவ்வளவுதான்.

ஆட்டத்தில் உருட்டும் இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகளில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மூன்று பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகள். நான்காவது பக்கம் வெறுமை. இரண்டு கட்டைகளையும் சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது ஒன்று, விழுவது 2 விதத்தில்தான். எட்டில் ஒரு வாய்ப்பு! இரண்டுமே வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கு, பதினாறில் ஒன்றுதான்.

பத்து முறை விழாத தாயம் அடுத்த முறை விழுந்தே தீரும் என்று மனசு அடித்துச் சொல்லும். ஆனால் கட்டைக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு உருட்டலிலும் அதே எட்டில் ஒன்றுதான்.

அதனால்தான் பள்ளிக்கூடமே போகாத பேத்தியும், கணக்கில் புலியான தாத்தாவும் இங்கே சரிசமம். தோற்றவரைக் குறை சொல்ல முடியாது. ஜெயித்தவர் பெருமையடிக்கவும் முடியாது. கடைசிக் கட்டம் வரை எல்லாருக்கும் நம்பிக்கை உண்டு. பந்தயப் பணம் எதுவும் வைக்காமல், இந்த விடுமுறையில் வீட்டோடு உட்கார்ந்து ஆடுங்கள்.