பிள்ளை டீச்சராக வர ஆசைப்பட்டால்: கேட்க வேண்டிய மூன்று வேளை

"எங்க புள்ள டீச்சரா வரணும்" என்று சொல்லாத தாய் நமது தோட்டங்களில் குறைவு. மலையில் கொழுந்து எடுக்கும்போதும், நிறுவை இடத்தில் நிற்கும்போதும் இந்தப் பேச்சு வரும். ஆனால் "எப்படி வாறது?" என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. "நல்லா படிச்சா கிடைக்கும்" என்பார்கள். நல்லாகப் படிப்பது வேண்டியதுதான். அது மட்டும் போதாது. எதைப் படிப்பது, எப்போது, எங்கே விண்ணப்பிப்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

நமது தோட்டப் பாடசாலைகளின் கதை உங்களுக்குத் தெரியும். இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல்தான். அதுவும் படிப்படியாகத்தான் நடந்தது. அந்தப் பிந்தலின் பலனை இன்றும் அனுபவிக்கிறோம். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் படிப்பிக்க ஆளில்லாத பாடசாலைகள் மலையகத்தில் இன்னும் இருக்கின்றன. வெளியூரிலிருந்து வருகிறவர் இடமாற்றம் கிடைத்ததும் போய்விடுகிறார். லயத்தில் பிறந்த பிள்ளை டீச்சராக வந்தால், அது ஒரு குடும்பத்துக்கு மட்டும் கிடைக்கும் லாபம் அல்ல.

வழி ஒன்றல்ல, மூன்று

முதலாவது வழி தேசிய கல்வியியற் கல்லூரி. பத்தனையில் இருக்கும் ஸ்ரீபாத கல்லூரியை நீங்கள் அறிவீர்கள். உயர்தரம் சித்தியடைந்தவர்களை வர்த்தமானி அறிவித்தல் மூலம் விண்ணப்பம் கேட்டு எடுப்பார்கள். பயிற்சிக் காலம் மூன்று வருடம். இரண்டு வருடம் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். மூன்றாவது வருடம் ஒரு பாடசாலையில் பயிற்சி ஆசிரியராக வேலை பழக வேண்டும். முடிவில் கற்பித்தலில் தேசிய டிப்ளோமா கிடைக்கும். ஆரம்பக் கல்வி, கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், தமிழ் என்று தனித்தனிக் கற்கைநெறிகள் உண்டு.

இரண்டாவது வழி பல்கலைக்கழகம், நமது பிள்ளைகள் சொல்லும் 'கேம்பஸ்'. இங்கே இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று, நேரடியாக ஆசிரியர் தொழிலுக்கென்றே இருக்கும் கல்விமாணிப் பட்டம். இது நான்கு வருடம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடத்தில் இது உண்டு. மற்றது, கலைமாணி, விஞ்ஞானமாணி, வணிகமாணி போன்ற பட்டமொன்றைப் பெற்று, பிறகு பட்டப்பின் கல்வி டிப்ளோமா படிப்பது. பட்டம் பாடத்தைக் கற்றுத்தரும். டிப்ளோமா அந்தப் பாடத்தைப் பிள்ளைக்கு எப்படிப் படிப்பிப்பது என்று கற்றுத்தரும். இந்த டிப்ளோமா கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களிலும், திறந்த பல்கலைக்கழகத்திலும், மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்திலும் நடக்கிறது. வேலையில் சேர்ந்த பிறகும் படிக்கலாம்.

மூன்றாவது வழி, முதலில் வேலை, பிறகு பட்டம். கல்வியியற் கல்லூரி முடித்து நியமனம் பெற்றவர், சம்பளம் எடுத்துக்கொண்டே வெளிவாரிப் பட்டமோ, திறந்த பல்கலைக்கழகப் பட்டமோ, தேசிய கல்வி நிறுவகத்தின் கல்விமாணிப் பட்டமோ படிக்கலாம். பயிற்சி பெறாமல் சேவையில் இருப்பவர்களுக்குக் கொட்டகலை ஆசிரியர் கலாசாலை போன்ற கலாசாலைகள் இருக்கின்றன. தாய் தகப்பனுக்குக் கை கொடுக்க வேண்டிய பிள்ளைக்கு இந்த மூன்றாவது வழி பெரிய ஆறுதல். "கேம்பஸ் கிடைக்கல்ல, எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று சோர்ந்து உட்கார வேண்டியதில்லை.

இந்த மூன்றில் எது நமது பிள்ளைக்குப் பொருந்தும்? அதை விசாரித்துத் தீர்மானிக்க மூன்று வேளை வரும். அந்த மூன்றையும் தவறவிடக் கூடாது.

முதல் வேளை: ஓ.எல். ரிசல்ட் வந்ததும்

பலர் நினைப்பதுபோல டீச்சர் ஆவது கேம்பஸில் தொடங்குவதில்லை. உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும் அன்றே பாதி முடிவாகிவிடுகிறது.

கணித ஆசிரியராக வர ஆசைப்படும் பிள்ளை உயர்தரத்தில் கலைப்பிரிவுக்குப் போனால் அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிடும். ஆனால் நமது பக்கத்தில் பல பாடசாலைகளில் கலைப்பிரிவு மட்டும்தான் இருக்கிறது. பக்கத்தில் இருப்பதில் சேர்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது. சேர்க்குமுன் அதிபரிடமும் வலயக் கல்விப் பணிமனையிலும் கேளுங்கள்: "கணிதம், விஞ்ஞானம் உள்ள கிட்டிய பாடசாலை எது? தமிழில் படிக்கலாமா? விடுதி இருக்கா?"

அதற்காக விருப்பமில்லாத பிள்ளையை விஞ்ஞானத்துக்குத் தள்ளவும் வேண்டாம். மூன்று பாடமும் சித்தியடையாமல் வீட்டில் இருப்பதைவிட, கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு எடுப்பது மேல். தமிழ், வரலாறு, புவியியல் படிப்பிக்கவும் நல்ல டீச்சர் வேண்டும்.

சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாமல் உயர்தரம் படிக்கப் போன பிள்ளைகள் உண்டு. அவர்கள் முதல் வேலையாகக் கணிதத்தைத் திரும்ப எழுதிச் சித்தியடைய வேண்டும். "ஏ.எல்.தானே முக்கியம்" என்று விட்டுவிட்டால், பிறகு கல்வியியற் கல்லூரி விண்ணப்பம் நிரப்பும்போது கை பிசைய வேண்டிவரும்.

இன்னொன்று. கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பிப் படிக்கவைக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் பல கற்கைநெறிகளுக்கு இடம் பிரிக்கும் முறை இப்படி: 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்த 16இல் இருக்கின்றன. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தது என்பதை வைத்தே மாவட்டத்தைத் தீர்மானிக்கிறார்கள். வீடு ஹட்டனில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. வெளி மாவட்டத்தில் படிப்பிப்பது பிழை என்று நாம் சொல்லவில்லை. கணக்குப் பார்த்து முடிவெடுங்கள் என்கிறோம்.

இரண்டாம் வேளை: ஏ.எல். ரிசல்ட் வந்ததும்

பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க, ஒரே தடவையில் மூன்று பாடங்களிலும் சித்தியும், பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளியும் வேண்டும். பரீட்சையை மூன்று தடவை எழுதலாம். விண்ணப்பிக்கத் தகுதி இருந்தால் மட்டும் இடம் கிடைத்துவிடாது. இடத்தைத் தீர்மானிப்பது இசட் புள்ளி.

இசட் புள்ளி என்றால் என்ன? பல பெற்றோர் கேட்கிறார்கள். ஒரு பாடத்தில் எல்லோருக்கும் வந்த சராசரியைவிட நமது பிள்ளை எவ்வளவு மேலே இருக்கிறது என்று காட்டும் கணக்கு அது. ஒரு பாடத்தில் சராசரி 60 என்று வைப்போம். நமது பிள்ளை 70 எடுத்திருக்கிறது. இன்னொரு பாடம் கஷ்டமானது, சராசரி 40தான். அதில் பிள்ளை 60 எடுத்திருக்கிறது. இரண்டு பாடத்திலும் புள்ளிகள் பரந்திருக்கும் அளவு 10 என்றால், முதல் பாடத்தின் இசட் புள்ளி 1, இரண்டாம் பாடத்தின் இசட் புள்ளி 2. ஆகவே 70ஐவிட அந்த 60க்குத்தான் மதிப்பு அதிகம். மூன்று பாடங்களின் இசட் புள்ளியையும் கூட்டி மூன்றால் பிரித்தால் வருவதுதான் பிள்ளையின் புள்ளி. "மூணு ஏ இருக்கு, ஏன் கிடைக்கல்ல?" என்ற கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடந்தோறும் ஒரு கையேடு வெளியிடுகிறது. எந்தப் பட்டத்துக்கு எந்தப் பாடங்கள் வேண்டும், அது எங்கே நடக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். விண்ணப்பத்தில் கற்கைநெறிகளை விருப்ப வரிசைப்படி எழுத வேண்டும். இந்த வரிசையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மேலே எழுதியது கிடைத்துவிட்டால் கீழே எழுதியதைக் கேட்க முடியாது. உண்மையில் விரும்புவதை முதலில் எழுதுங்கள். கூட்டாளி எழுதியதைப் பார்த்து எழுத வேண்டாம்.

பல்கலைக்கழக விண்ணப்பமும் கல்வியியற் கல்லூரி விண்ணப்பமும் வேறு வேறு. ஒன்றைப் போட்டால் மற்றது தானாக வராது. இரண்டுக்கும் போட்டு வையுங்கள். எது கிடைக்கிறது என்று பார்த்துப் பிறகு ஒன்றைத் தெரிவு செய்யலாம். கல்வியியற் கல்லூரி வர்த்தமானி எப்போது வரும் என்று நிச்சயமில்லை. வலயப் பணிமனையிலும் படித்த பாடசாலையிலும் அடிக்கடி விசாரியுங்கள். எந்த வருட ரிசல்ட், வயதெல்லை என்ன, எந்தக் கற்கைநெறிக்கு எந்தப் பாடம் என்பவற்றை அந்த அறிவித்தலில் பார்த்து நிரப்புங்கள்.

மூன்றாம் வேளை: கேம்பஸில் முதல் வருடம்

கேம்பஸ் கிடைத்ததும் கவலை விட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் மூன்றாவது முடிவு அங்கேதான் காத்திருக்கிறது.

கலைப்பீடத்துக்குப் போகும் பிள்ளை முதல் வருடத்துக்குப் பாடங்களைத் தெரிவு செய்ய வேண்டும். அந்த வருடப் பரீட்சைப் பெறுபேற்றை வைத்துத்தான் சிறப்புப் பட்டத்துக்கு எடுப்பார்கள். பொதுப் பட்டம் மூன்று வருடம், சிறப்புப் பட்டம் நான்கு வருடம். புது இடம், ஆங்கிலப் பயம், வீட்டு நினைவு என்று முதல் வருடத்தைக் கோட்டைவிட்ட பிள்ளை அடுத்த வருடம் எவ்வளவு முயன்றாலும் அந்த வாய்ப்புத் திரும்ப வருவது கஷ்டம்.

டீச்சராக வர நினைக்கும் பிள்ளை, தான் எடுக்கும் பாடம் பாடசாலையில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சமூகவியல் நல்ல படிப்பு. ஆனால் பாடசாலைப் பாடத்திட்டத்தில் அந்தப் பெயரில் ஒரு பாடம் இல்லை. தமிழ், புவியியல், வரலாறு, பொருளியல், அரசியல் விஞ்ஞானம் போன்ற ஒன்றையும் சேர்த்து எடுத்தால், பட்டதாரி ஆசிரியர் போட்டிப் பரீட்சை வரும் நாளில் கை கொடுக்கும்.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? ஒவ்வொரு பீடத்திலும் மாணவ ஆலோசகர்களாக விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். துறைத் தலைவர் இருக்கிறார். தொழில் வழிகாட்டல் பிரிவு இருக்கிறது. பிள்ளைகளுக்கு உதவுவது அவர்களுடைய கடமை, நாம் கேட்கும் தயவு அல்ல. நமது பிள்ளைகள் கூச்சத்தில் அந்தக் கதவைத் தட்டுவதில்லை. துரைமார் கந்தோர் வாசலில் கைகட்டி நின்ற பழக்கம் நமக்குள் இன்னும் இருக்கிறது. பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள்: போய்க் கேள். இந்தக் கேள்விகளைத் தாளில் எழுதிக் கொண்டு போகலாம்:

1. நான் எடுக்கும் பாடங்களை வைத்துப் பாடசாலையில் எதைப் படிப்பிக்கலாம்?
2. சிறப்புப் பட்டத்துக்குப் போக முதல் வருடத்தில் என்ன பெறுபேறு வேண்டும்?
3. இந்தப் பாடம் தமிழில் நடக்கிறதா, ஆங்கிலத்தில் நடக்கிறதா?
4. கல்விமாணிப் பட்டத்துக்கு மாற வழி இருக்கிறதா? எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?
5. பட்டத்துக்குப் பிறகு கல்வி டிப்ளோமாவை எங்கே படிக்கலாம்?

காசும் கடதாசியும்

அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணமில்லை. ஆனால் பஸ் காசு, சாப்பாடு, தங்குமிடம் என்று செலவு வரும். மகாபொல புலமைப்பரிசிலும், குறைந்த வருமானமுள்ளவர்களுக்கான பர்சரி உதவியும் அதற்காகத்தான் இருக்கின்றன. விண்ணப்பத் திகதியைத் தவறவிட வேண்டாம். சம்பளச் சீட்டுகளைத் தூக்கிப்போடாமல் வையுங்கள். வருமானத்தைக் காட்டும்போது உதவும்.

பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் இன்னொரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர். இது நமது தோட்டங்களில் வழக்கமான சங்கடம். நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்த பிறகு ஓடித் திரிய வேண்டாம். ஓ.எல். எழுதுமுன்னரே கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரித்துச் சரிசெய்யுங்கள். தோட்டத்து விலாசத்துக்கு வரும் கடிதம் பிந்திக் கைக்கு வருவதும் உண்டு. ஆகவே விண்ணப்பத்தில் எப்போதும் வேலை செய்யும் தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள். முக்கியமான திகதிகளில் நீங்களே போய் விசாரியுங்கள்.

"பொம்பளப் புள்ளைய அவ்வளவு தூரத்துக்கு அனுப்பலாமா?" என்று சில தாய்மார் நம்மிடம் கேட்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பாதுகாப்பான விடுதி இருக்கிறதா, ஏற்கனவே அங்கே படிக்கும் நமது ஊர்ப் பிள்ளைகள் யார் என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். கேட்காமலே வேண்டாம் என்றுவிட்டால், இழப்பு அந்தப் பிள்ளைக்கு மட்டுமல்ல. அவளிடம் படிக்க இருந்த நாற்பது பிள்ளைகளுக்கும்தான்.

உங்கள் வீட்டில் இந்த வருடம் ஓ.எல். எழுதும் பிள்ளை இருந்தால், ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்தக் கிழமையே அதிபரைப் போய்ப் பாருங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். பேசுவதைப் பிள்ளையே பேசட்டும்.