துருவ ஒளியும் அதன் முன்னறிவிப்பும்

நார்வே, சுவீடன் முதலிய வடபுல நாடுகளில், இராக்காலத்து வானிலே பச்சையும் செம்மையுமாய்த் திரைச்சீலை போல் அசைந்து தோன்றும் ஒளியைத் துருவ ஒளி என்பர். இஃது எப்பொழுது தோன்றுமென முன்னரே உரைத்தல் கூடுமோ வெனின், ஓரளவு கூடும். அவ்வளவு யாதென்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

சூரியனிடத்திருந்து மின்னூட்டமுற்ற நுண்துகள்கள் எஞ்ஞான்றும் வீசிக்கொண்டிருக்கின்றன. ஒரோவொருகால் அவை பெருந்திரளாய் வெடித்துக் கிளம்பும். அத்திரள் பூமியை எய்தப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் செல்லும். அதனால் பூமியின் காந்தமண்டலம் கலக்கமுற, துகள்கள் துருவப் புறங்களில் இறங்கி, நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள பிராணவாயுவைத் தாக்கும். அப்பொழுது பச்சையொளியும், இன்னும் உயரத்தே செவ்வொளியும் பிறக்கும்.

வெடிப்பைத் தொலைநோக்கியாற் கண்ட அறிஞர், திரள் வருநாளைக் குறிக்கலாம்; ஒளி தோன்றுமென உறுதி கூறலாகாது. என்னை? திரள் தன்னொடு கொணரும் காந்தப்புலம் தெற்கு நோக்கியிருப்பின், பூமியின் காந்தமண்டலம் கதவு திறந்தாற்போல் இடங்கொடுக்கும். வடக்கு நோக்கியிருப்பின், பெருந்திரளும் பெரும்பான்மை வாளா கழியும். இத்திசையைச் சூரியனை நோக்கியறிதல் மிக அரிது. ஆதலின், பூமியினின்று சூரியன் பக்கமாய் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், 1997-இல் ஏவப்பெற்ற ஏஸ், 2015-இல் ஏவப்பெற்ற டிஸ்கவர் முதலிய விண்கலங்களைக் காவலர் போல் நிறுத்தினர். திரள் காவலரை எய்திய பின்னரே திசை புலனாம். அப்பால் அது நம்மை அடையக் கால்மணி முதல் ஒருமணி நேரமே உண்டு. மெய்யான எச்சரிக்கை இவ்வளவே! வாரக்கணக்கின் முன் வரும் குறிப்பை நம்பிப் பொருள் செலவிட்டுச் செல்வார் இதனை உணர்தல் நலம்.

பிறிதொரு முறை மிகப் பழையது. 1741-ஆம் ஆண்டில் உப்சாலா நகரத்துச் செல்சியசும் அவர்தம் துணைவர் ஹியோர்ட்டரும், இவ்வொளி தோன்றுங்கால் காந்தவூசி நிலைபெயர்தலைக் கண்டனர். இங்கிலாந்திலுள்ள லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் நிலத்தில் வைத்த காந்தமானிகளின் கலக்கத்தை அளந்து, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என நிறவகையால் எச்சரிக்கை விடுப்பதும் இவ்வுண்மை பற்றியே. விண்கலம் வருவதைக் கூறும். காந்தமானி வந்ததைக் கூறும். பின்னதே நம்பத்தக்கதென்பது என் கருத்து.

கேபி என்னும் எண்ணும் எச்சரிக்கைகளில் வழங்கும். உலகின் பல நிலையங்களின் காந்த அளவுகளைக்கொண்டு, மூன்று மணிக்கொருமுறை 0 முதல் 9 வரை கணிக்கப்பெறுவது அது. நார்வேயின் டிராம்சோ நகரில் சிற்றெண்ணே போதும். தெற்கே செல்லச் செல்லப் பேரெண் வேண்டும். எண் எத்துணைப் பெரிதாயினும், முகிலும் நிலவும் நகர விளக்கும் காட்சியைக் கெடுக்கும். மங்கிய ஒளி கண்ணுக்கு வெண்முகில் போலவே தோன்றும். அதனூடே விண்மீன்கள் தெரியின், அஃது ஒளியாதல் கூடும். 2024 மே 10-ஆம் நாள் இரவு கேபி எண் 9-ஐ எய்தியபொழுது, லடாக்கைச் சார்ந்த ஹான்லேயிலும் வடவான் சிவந்தமை புகைப்படக் கருவிகளிற் பதிவாயிற்று.